விருந்தாளிக்குப் புல்

பெங்களூரிலே குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் முற்காலத்தில் திண்ணையோரம் கிளிக்கூண்டு ஒன்று தொங்கும். வாயிலில் நாய் ஒன்று படுத்திருக்கும். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். நாய்க்கோ, வாடகை வீட்டுக்காரர்களில் பலர் இசைவதில்லை. ஆயினும் பிள்ளைகளின் ஆசை ஓய்வதுண்டா? அவ்வாசைக்கு ஈடாக வந்து சேர்ந்தவை முயல், வெள்ளெலி, கினிப்பன்றி முதலிய சிறு பிராணிகள். வசதி மிக்கோர் சிலர் சின்சில்லா வேண்டும் என்றும் ஆசைப்படுகின்றனர். கைப்பேசியிலே அதன் படத்தைக் கண்டு நம் மகளும் ஒருநாள் கேட்டாள்.

சின்சில்லா தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலே, குளிரும் வறட்சியும் மிகுந்த உயரங்களில் வாழ்வது. பட்டினும் மென்மையான அதன் உரோமத்துக்காக மனிதர் அதனை வேட்டையாடி வேட்டையாடி அருகச் செய்துவிட்டனர். 1923 இல் சாப்மன் என்ற அமெரிக்கர் பதினொரு சின்சில்லாக்களைச் சிலி நாட்டிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். இன்று வீடுகளில் வளர்வனவற்றுள் பெரும்பாலானவை அவற்றின் வழித்தோன்றல்களே என்பர். 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் அப்பிராணி தளர்ந்துவிடும். பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற பெயர் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 பாகையைத் தொட்டது. குளிர்சாதன அறையில் குடியிருத்தி ஒரு பிராணியைப் பேணுவது இரயில்வே எழுத்தர் குடும்பத்துக்கு ஆகக்கூடியதன்று. ஆதலின் அந்த ஆசையை மகளுக்கு எடுத்துச் சொல்லி ஆற்றினோம்.

சின்சில்லாவுக்கு ஒன்றுவிட்ட உறவு முறையில் நிற்பது கினிப்பன்றி. இதுவும் ஆண்டீஸ் மலைப் பகுதியைச் சேர்ந்ததே. பெயரில் பன்றி இருப்பினும் பன்றிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கினி என்ற ஆப்பிரிக்க நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பற்களால் கொறிக்கும் இனமாகிய எலி, அணில் ஆகியவற்றோடு சேர்க்கத்தக்கது. பெரு நாட்டிலே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை இறைச்சிக்காக வீட்டில் வளர்த்தனர், இன்றும் வளர்க்கின்றனர். அங்கே அதன் பெயர் 'குய்'. பசி எடுக்கும்போது அது எழுப்பும் ஒலியைக் கேட்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். காய்கறிப் பையின் சலசலப்புக் கேட்ட மாத்திரத்தில் 'குய், குய்' என்று வீடே அதிரக் கூவும்.

நம் இல்லத்துக்குக் கினிப்பன்றி வந்தது விலை கொடுத்து வாங்கியதால் அன்று. நம்மோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர் தம் மகனுக்காக இரண்டு கினிப்பன்றிகளை வளர்த்து வந்தார். அவர் குடும்பத்தினர் நல்லவர்கள், உயிர்களிடத்தில் அன்புடையவர்கள். பாலில் நனைத்த ரொட்டி, நெய்ச்சோறு, குளுக்கோஸ் பிஸ்கட், ஞாயிறுதோறும் கேசரி என்று அவற்றுக்கு ஊட்டினார்கள். விற்ற கடைக்காரரும் 'வீட்டில் நீங்கள் உண்பதையே போடலாம்' என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். ஓராண்டு முடிவதற்குள் ஒன்று இறந்தது. அதன்பின் நண்பருக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. எஞ்சிய ஒன்றை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றார்.

அப்பிராணியை நாம் பெற்றபோது அதன் உரோமம் துடைப்பம் போல் விறைத்திருந்தது. பின்கால்களை ஊன்றி நடக்க மாட்டாமல் வயிற்றைத் தரையில் இழுத்தது. தூக்கினால் வலியால் கத்திற்று. வாயிலிருந்து உமிழ்நீர் வழிந்தது. மகள் அதற்கு 'மிளகு' என்று பெயரிட்டாள். அன்றிரவு அவள் கேட்ட கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. "அவங்க இதுமேல ஆசையாத்தானே இருந்தாங்க, அப்பா? அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

மறுநாள் விடுப்பெடுத்து, சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். நாய், மாடு பார்க்கும் மருத்துவர் எல்லாரும் கினிப்பன்றியைப் பார்த்துப் பழகியவர் அல்லர். ஆகையால் முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். அம்மருத்துவர் பிராணியின் வாயைத் திறந்து காட்டினார். பின்பற்கள் உள்நோக்கி வளைந்து வளர்ந்து நாவை அழுத்திக்கொண்டிருந்தன.

கினிப்பன்றிக்கு இருபது பற்கள். சின்சில்லாவுக்கும் இருபதே. அவை அனைத்தும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். நம் நகம் வளர்வதைப் போல என்று கொள்ளலாம். நகத்தை நாம் வெட்டுகிறோம். அவற்றின் பற்களை வெட்டுவார் யார்? புல்தான். புல்லில் மணல் போன்ற நுண்பொருள் கலந்திருக்கிறது. நாள் முழுதும் அதனை இடவலமாக அரைத்து அரைத்து மெல்லும்போது பல் வளர்கிற அளவுக்குத் தேய்ந்துவிடும். சோறும் பாலில் ஊறிய ரொட்டியும் மெல்லாமலே தொண்டையில் இறங்கிவிடுகின்றன. பல் தேய்வதில்லை, வளர்ந்த பல் நாவையும் கன்னத்தையும் குத்தும், பிராணி பசியோடு உணவின் முன் அமர்ந்து உண்ண மாட்டாமல் மெலியும். நண்பர் வீட்டில் இறந்த பிராணியும் தட்டு நிறையச் சோறு இருக்கப் பட்டினியால் இறந்திருக்கலாம் என்று மருத்துவர் கூறினார். இதைக் கேட்டபோது நம் இல்லாள் கண்கலங்கினாள்.

குடலின் கதையும் இதுவே. மாட்டுக்கு முன்வயிற்றிலே புல் நொதிப்பதுபோல், இப்பிராணிக்குக் குடலின் பின்பகுதியில் உள்ள பெரும் பையிலே நொதிக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்களே அதற்குச் சமையற்காரர்கள். அவற்றுக்கு நார் வேண்டும். மாவும் சர்க்கரையும் மிகுந்தால் தீய நுண்ணுயிர்கள் பெருகிக் காற்று நிறைந்து வயிறு உப்பிவிடும். நம் ஊர்ப்பக்கம் மாட்டுப்பொங்கலன்று பசுவுக்கு அளவின்றிப் பொங்கற்சோறு ஊட்டி, மறுநாள் அது வயிறு புளித்துச் சாய்ந்து கிடப்பதைக் கண்டவர்கள் உண்டு. அதனை ஒட்டிய நாட்களில் கால்நடை மருத்துவர்கள் இதுபற்றி எச்சரிப்பதும் உண்டு. பசுவின் கதையே இங்கும். உடல் சிறியது என்பதால் முடிவு விரைவில் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லக் கூச்சமாயினும் சொல்லாது விடின் வீட்டார் அஞ்சுவர். கினிப்பன்றி தன் கழிவில் மென்மையான ஒரு பகுதியை மீண்டும் உண்ணும். பெரும் பையில் நுண்ணுயிர்கள் ஆக்கிய சத்தை அது இவ்வாறே அடைகிறது. இது நோயன்று, தடுக்கவும் கூடாது.

மிளகின் கால்கள் தளர்ந்ததற்குக் காரணம் வேறு. வைட்டமின் 'சி' என்னும் சத்து இல்லாமையால் வரும் ஸ்கர்வி நோய் அது. ஆடும் மாடும் நாயும் பூனையும் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. ஆக்கிக்கொள்ள இயலாத உயிர்களும் உண்டு. மனிதனும் குரங்கும் அவற்றுள் அடங்குவர், கினிப்பன்றியும் அடங்கும். கடையிலே விற்கும் முயல் தீனியைக் கினிப்பன்றிக்கும் போதும் என்று வாங்குவோர் இதனைக் கருதவேண்டும். முயலுக்கு இச்சத்தை வெளியிலிருந்து தரவேண்டியதில்லை. ஆகவே முயல் தீனியிலும் அதனைச் சேர்ப்பதில்லை. கினிப்பன்றிக்கென்றே செய்த தீனி வாங்கினாலும் பழைய சரக்காயிருப்பின் பயனில்லை, வைட்டமின் 'சி' நாளடைவில் கெட்டுவிடும். குடிநீரிலே மாத்திரையைக் கரைத்து வைப்பதும் வீண். ஒளி பட்டுச் சில மணியில் வலுவிழக்கும்.

மனித குலமே இந்தச் சிற்றுயிருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாம் அப்போதுதான் தேடிப் படித்து அறிந்தோம். 1907 இல் நார்வே நாட்டிலே ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே தந்து வேறொரு நோயை ஆராய முற்பட்டனர். எதிர்பாராத வகையில் அவற்றுக்கு ஸ்கர்வி கண்டது. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுக்க நோய் நீங்கிற்று. கடலோடிகளை நூற்றாண்டுகளாகக் கொன்றுவந்த நோயை ஆராய்ச்சிச் சாலையில் ஆராய வழி பிறந்தது அப்போதுதான். பின்னர் 1932 இல் ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-ஜியார்ஜியும் அவருடைய துணைவரும் கினிப்பன்றிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தாம் பிரித்தெடுத்த பொருளைத் தந்தும் மற்றதற்குத் தராமலும் சோதித்தனர். பெற்றவை பிழைத்தன, பெறாதவை மாண்டன. அப்பொருளே வைட்டமின் 'சி' என்று துணியப்பட்டது. அதனை மேலும் பெருமளவில் பிரித்தெடுக்க அவருக்குக் கைகொடுத்தது அவர் ஊர்ச் சந்தையில் மலிந்து கிடந்த மிளகாய்! 1937 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாண்ட கினிப்பன்றிகளுக்கு என்ன கிடைத்தது என்று நம் மகள் கேட்டாள். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அந்த மிளகாயின் உறவான குடைமிளகாய்தான் இன்று நம் வீட்டு மருந்து. நல்ல உடல்நிலையில் உள்ள கினிப்பன்றிக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் 'சி' தேவை. நோயுற்றதற்கு மருத்துவர் சொல்லும் அளவு. நூறு கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே விதை நீக்கிய துண்டு முப்பது கிராம் போட்டால் ஒரு நாளுக்குப் போதும். ஒரு குடைமிளகாய் மூன்று நாட்களுக்கு வரும். செலவு மிகுதி என்று எவரும் சொல்ல முடியாது. அதனோடு கொத்துமல்லிக் கட்டில் சிறிது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இச்சத்து மிகுதிதான். ஆயினும் நெல்லியின் புளிப்பை மிளகு முகர்ந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிற்று. கொய்யாவில் சர்க்கரை உண்டு. வாரத்தில் ஓரிரு முறை விரல்நுனி அளவு போதும். பசலையும் அதன் இனமான கீரைகளும் அன்றாடம் ஆகா. சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும்.

இவையெல்லாம் தொடுகறி மாத்திரமே. சோற்றின் இடத்தில் நிற்கவேண்டியது புல். இங்கேதான் நம் இல்லத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. நம் அன்னையார் சோலையார்பேட்டைப் பக்கத்துச் சிற்றூரிலே பிறந்து, நம் தந்தையார் மறைந்தபின் நம்மோடு இங்கே வந்து வாழ்பவர். கூண்டிலே புல்லை நிரப்புவதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. "வீட்டுக்கு வந்த உசுருக்குப் புல்லையாடா போடுவே? நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க? ஒரு வாய் தயிர்சோறு போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றார். பசித்த ஆண்டுகளைக் கண்டவர் அவர். அவருடைய சிறு வயதில் நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டுமே. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி. விருந்தாளிக்குச் சோறு, வேண்டாதவருக்குக் கூழ் என்பது அவர் உள்ளத்தில் ஊறிய கணக்கு. அக்கணக்கிலே புல் எந்த வரிசையில் நிற்கும்? மருத்துவர் சொன்னதையெல்லாம் நாம் எடுத்துரைத்தும் அவர் ஒப்பவில்லை. நாம் பணிக்குச் சென்றபின் சோற்றுக் கிண்ணத்தோடு கூண்டருகே போவாரோ என்ற அச்சம் நம் இல்லாளை வாட்டிற்று.

அவரை மாற்றியது நம் சொல் அன்று. கிருஷ்ணராஜ மார்க்கெட்டிலே பூவிற்கும் அம்மையார் ஒருவரிடம் நாம் அறுகம்புல் கட்டு வாங்கி வருவது வழக்கம். இங்கே அதனைக் 'கரிகே' என்பர். பிள்ளையார் பூசைக்காக வரும். ஒருநாள் அக்கட்டை அன்னையார் பிரித்துக் கழுவிக்கொண்டிருக்கையில் திடீரெனக் கை நின்றது. "பிள்ளையாருக்கே இதைத்தானே போடறோம். அவரு வாகனமும் இந்த எலிச் சாதிதானே? சாமிக்கு ஆனது வாகனத்துக்கு ஆகாதா?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அன்றோடு சோற்றுப் பேச்சு ஓய்ந்தது. நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் செய்ய இயலாததை அறுகம்புல் செய்தது.

சாலையோரப் புல்லைப் பறித்துப் போடலாகாது. வண்டிப்புகை படிந்திருக்கும், நாய்கள் கால் தூக்கிய இடமாயிருக்கும். சாக்கடை நீரில் வளர்ந்த புல்லும் ஆகாது. பூசைக்கு வரும் அறுகையும் நன்றாய் அலசியே போடுகிறோம். பச்சைப்புல் கிடைக்காத நாளிலும், கிடைக்கும் நாளிலும்கூட, கூண்டில் உலர்புல் எந்நேரமும் இருத்தல் வேண்டும். திமோத்தி என்ற மேனாட்டுப் புல்லை உலர்த்திப் பையிலிட்டு விற்கின்றனர். மிக நல்லதுதான். அதன் விலையோ மாதச் சம்பளக்காரரை மலைக்க வைப்பது. அதனால் நாம் அதனை ஒரு பங்கும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நிழலில் உலர்த்திய உள்ளூர்ப் புல்லை இரு பங்குமாகக் கலந்து போடுகிறோம். பூஞ்சணம் பிடித்த புல்லை ஒருபோதும் போடக் கூடாது. இந்நகரத்து மழைக்காலத்தில் இதற்கு மிக்க கவனம் வேண்டும். நெல் வைக்கோலில் சத்துக் குறைவு. படுக்கையாக விரிக்கலாம், உணவாகாது. நம் ஊரில் குதிரைமசால் எனப்படும் தீவனத்தில் சுண்ணச்சத்து மிகுதி. குட்டிக்கும் சினையுற்றதற்கும் நன்று. வளர்ந்ததற்கு அன்றாடம் தந்தால் கல் நோய் வரும்.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முளை, பால், இனிப்பு, பிஸ்கட், பொரி, ஊறுகாய் இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டா. பெங்களூரிலே பழச்சாற்றுக் கடைதோறும் கிடைக்கும் பட்டர் ஃபுரூட் இப்பிராணிக்கு நஞ்சு. இதனினும் கொடியது ஒன்று உண்டு. வீட்டில் மிஞ்சியிருக்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மாத்திரையைக் கரைத்து ஊற்றினால், குடலின் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து பிராணி சில நாளில் இறக்கும். சின்சில்லாவுக்கும் இவ்வாறே. நமக்கு நோய் நீக்கும் மருந்து அதற்கு எமன் ஆகலாம்.

பார்சல் பிரிவில் மூட்டைகளை எடையிட்டுப் பதிவது நம் தொழில். அத்தொழில் வீட்டிலும் உதவிற்று. சமையலறைத் தராசிலே மிளகை வாரந்தோறும் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். இப்பிராணி நோயை மறைப்பதில் வல்லது. வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். எடை மட்டும் பொய் சொல்லாது. வந்த அன்று 590 கிராம். மருத்துவர் பல்லை அராவி, வைட்டமின் கொடுத்த பத்தாம் நாள் 610. கால்களை ஊன்றி எழுந்து நின்றது மூன்றாம் வாரத்தில். நான்காம் மாதம் 840. அந்த 840 ஐ எழுதியபோது, இதுவரை நாம் எழுதிய எந்த எடையும் தராத மகிழ்ச்சி உண்டாயிற்று. ஒரு வாரத்தில் ஐம்பது கிராம் குறைந்தால் மருத்துவரிடம் செல்க. அரைநாள் உண்ணாதிருந்தால் வாரக் கணக்கைப் பாராமல் அன்றே செல்க.

தனித்து வாழ்வது இதன் இயல்பன்று. சுவிட்சர்லாந்து நாட்டிலே 2008 இல் வந்த விதிகளின்படி கினிப்பன்றியை ஒற்றையாய் வளர்த்தல் கூடாது. நாமும் மற்றொரு பெண் பிராணியைத் துணைக்குச் சேர்த்தோம், பெயர் 'சீரகம்'. இரண்டும் ஒரே புல்லின் இரு முனைகளையும் கடித்துக்கொண்டே வந்து மூக்கோடு மூக்கு முட்டி நிற்பதை அன்னையார் மாலைதோறும் நாற்காலி போட்டுப் பார்ப்பார்.

பிற மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இவ்வகையில் பெருந்தொல்லை ஊருக்குப் போகும் நாட்களே. மூன்று நாள் தீனியை மொத்தமாய்க் கொட்டிவிட்டுப் பூட்டிச் செல்ல முடியாது. பச்சைக்காய் அழுகும், தண்ணீர்க் குப்பி அடைத்துக்கொண்டால் கேட்பார் இல்லை. கடந்த பொங்கலுக்கு நாம் ஊர் சென்றபோது பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் பார்த்துக்கொள்ள இசைந்தார். கொத்துமல்லியைத் துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். குடைமிளகாயை நாளுக்கொரு பொட்டலமாகக் கட்டிக் கிழமையை எழுதி வைத்தோம். அவரிடம் விவரம் சொல்லும் பொறுப்பை அன்னையார் தாமே ஏற்றுக்கொண்டார். பெங்களூரில் ஆறாண்டு வாழ்ந்து கற்ற கன்னடத்தையெல்லாம் திரட்டி, "அன்ன பேடா, ஹுல்லு கொடி" என்றார். சோறு வேண்டாம், புல் கொடுங்கள் என்பது பொருள்.

அந்த அம்மையார் திகைத்தார். பொங்கல் நாளும் அதுவுமாக ஓர் உயிருக்குப் புல்லா? "ஒந்து துத்தூ பேடவா?" என்றார். ஒரு வாய்கூட வேண்டாமா என்று கேட்டார். அன்னையாரின் கன்னடம் அவ்விடத்தில் தீர்ந்துபோயிற்று. தம் பல்லைத் தொட்டுக் காட்டி, அது மோவாய்வரை நீண்டு வளர்வதுபோல் விரலால் இழுத்துக் காட்டி, வயிறு உப்புவதுபோல் கன்னத்தை உப்பிக் காட்டினார். அம்மையார் சிரித்துவிட்டார். சாவியையும் உலர்புல் பையையும் வாங்கிக்கொண்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று நாம் மூட்டைகளைத் தூக்கினோம். அன்னையார் மட்டும் படியில் நின்று, குடைமிளகாயின் விதையை எடுத்துவிட வேண்டும் என்பதைக் கைச்சாடையால் இன்னொரு முறை விளக்கிக்கொண்டிருந்தார்.